ஜப்பான் ரயில் பயணம் போகிற குடும்பங்களுக்கு: நம்ம கோவிலில் ஒரு பெயர்ப் புத்தகம் வேண்டும்

 

நாங்கள் இருவரும், கணவனும் மனைவியும், பதினோரு நாள் ஜப்பான் போய் வந்ததிலிருந்து கோவிலில் ஒரே கேள்விதான். அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு நிற்கும்போதுகூட, "எவ்வளவு ஆச்சு அக்கா? சைவச் சாப்பாடு கிடைச்சுதா? ரயில் டிக்கெட் எப்படி எடுத்தீங்க அண்ணே?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். முதலில் பயணம், அதற்குப் பிறகு எங்கள் கருத்தும் ஒரு வேண்டுகோளும். அவசரம் என்றால் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டுமாவது படியுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் எங்கள் கருத்து இதுதான். ஜப்பான் போங்க, ரயிலில் ஏறுங்க, நல்லா சுத்திப் பாருங்க. டிக்கெட் எடுக்கும் முன்னால் வீட்டுப் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து, நம்ம குடும்பத்தில் சயாம் ரயிலுக்குப் போனவங்க யார் என்று கேட்டு, பேரை எழுதி வையுங்க. அந்தப் பேர்களுக்காக நம்ம கோவில்களில் ஒரு புத்தகமும், ஆடி அமாவாசையில் ஒரு விளக்கும் வேண்டும்.

ஏன் ஜப்பான் பயணத்தில் சயாம் ரயில் வந்தது என்று கீழே சொல்கிறோம்.

முதலில், கேட்டவங்களுக்குப் பதில்

மலேசியக் கடப்பிதழுக்கு 2013-லிருந்து விசா வேண்டாம். அதனால்தான் இப்போது பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எந்த வீட்டைக் கேட்டாலும் ஒருத்தராவது போய் வந்திருக்காங்க. நாங்கள் டோக்கியோவில் இறங்கி, கியோத்தோ, நாரா, ஹிரோஷிமா என்று ரயிலிலேயே போய், ஒசாகாவிலிருந்து விமானம் ஏறினோம்.

ரயில் பாஸ் வாங்கணுமா என்று பலர் கேட்டீங்க. ஏழு நாள் பாஸ் முன்பு 29,650 யென். 2023 அக்டோபரில் அதை 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். எங்களை மாதிரி ஒரே திசையில் போகிறவர்களுக்குத் தனித்தனி டிக்கெட்தான் லாபம். டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு நொசோமி வண்டியில் சுமார் 14,000 யென், ரெண்டே கால் மணி நேரம். கியோத்தோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாராவுக்கு சாதாரண வண்டியே போதும், முக்கால் மணி நேரம்.

சைவச் சாப்பாடுதான் சிரமம். சூப், நூடல்ஸ், வேகவைத்த காய்கறி எதுவாக இருந்தாலும் அடியில் ஒரு மீன் சாறு போடுவார்கள், அதற்கு தாஷி என்று பெயர். "இறைச்சி இல்லை" என்று அவர்கள் உண்மையாகவே சொன்னாலும் தாஷி இருக்கும். கேட்டுத்தான் வாங்கணும். நாங்கள் சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டு போனோம். கியோத்தோவில் பௌத்தத் துறவிகள் வழக்கப்படி செய்யும் ஷோஜின் சமையல் கிடைக்கிறது. விலை கூடத்தான், ஒரு வேளையாவது சாப்பிட்டுப் பாருங்க.

ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1-ஆம் தேதி ஓட ஆரம்பித்தது. அறுபது வருஷம் தாண்டியும் அந்த ஒழுங்கு குறையவில்லை. தொண்டூழியர்கள் என்பதால் எங்கள் கண் முதலில் போனது துடைப்பத்தின் மேல்தான். டோக்கியோ ஸ்டேஷனில் வண்டி வந்து நின்று திரும்பிப் போகிற அந்தச் சில நிமிஷத்துக்குள் துப்புரவுக் குழு உள்ளே ஏறி, இருக்கைகளைத் திருப்பி, குப்பையை எடுத்து, இறங்கி வரிசையாக நின்று பயணிகளுக்குத் தலை வணங்கிவிட்டுப் போகிறது. துடைப்பம் பிடிக்கிற வேலைக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கிறது. தைப்பூசம் முடிஞ்ச மறுநாள் பத்துமலையில் கூட்டித் தள்ளினவங்களுக்கு இது புரியும்.

நம்ம சாமிகள் அங்கேயும்

பக்தர்கள் தவற விடக் கூடாத சில இடங்கள். டோக்கியோவில் உயேனோ பூங்காவின் ஷினோபாசு குளத்துக்கு நடுவில் பெந்தென் கோவில் இருக்கு. பெந்தென் என்பது நம்ம சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவள். வீணைக்குப் பதில் பீவா என்ற தந்தி வாத்தியம் அவளுக்கு உரியது. அசாகுசாவில் பெரிய சென்சோஜி கோவிலைப் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் மாட்சுசியாமா ஷோதென் என்று ஒரு மேட்டுக் கோவில். அங்கே இருப்பவர் விநாயகர். சிலையைக் காட்ட மாட்டார்கள், திரைக்குள்தான். நாம் அருகம்புல்லும் கொழுக்கட்டையும் வைக்கிற மாதிரி அங்கே முழு வெள்ளை முள்ளங்கி வைத்துக் கும்பிடுகிறார்கள். கியோத்தோ சஞ்சூசங்கெந்தோவில் ஆயிரத்தொரு கன்னோன் சிலைகளுக்கு முன்னால் காவலாக 28 தேவர்கள். அவர்களில் பிரம்மாவும் இந்திரனும் உண்டு.

நாராவின் தோதாய்ஜி கோவிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். அதற்கு 752-ஆம் ஆண்டு கண் திறப்புச் சடங்கு நடந்தது. கண்ணைத் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தூரிகையில் நீளமான கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்களாம், புண்ணியத்தில் எல்லாருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்று. கும்பாபிஷேகத்தில் கண் திறப்பைப் பார்த்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பேரைச் சொல்கிறார்கள். எங்கிருந்தோ கடல் தாண்டி வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், அவர் பேர், எந்த வருஷம், என்ன செய்தார், எல்லாம் பதிவாக இருக்கிறது.

இந்தப் "பேர்" என்ற விஷயம்தான் எங்களை அந்தப் பயணம் முழுக்கத் தொடர்ந்து வந்தது.

ஹிரோஷிமாவிலும் கியோத்தோவிலும் பார்த்த பேர்கள்

ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் வளைவு மாதிரி ஒரு நினைவுச் சின்னம் இருக்கும், படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் ஒரு கல் பெட்டி. அணுகுண்டால் இறந்தவர்களின் பெயர்ப் புத்தகங்கள் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆகஸ்டு 6-ஆம் தேதியும் அந்த வருஷத்தில் இறந்தவர்களின் பேரைச் சேர்க்கிறார்கள். மொத்தம் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை புத்தகங்களை வெளியே எடுத்துக் காற்றாட வைத்து, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு புத்தகத்தில் மட்டும் "பெயர் தெரியாதவர் பலர்" என்று எழுதியிருக்கிறதாம். பேர் தெரியாது என்பதற்காக அவர்களை விட்டுவிடவில்லை. பக்கத்திலேயே புல் மூடிய ஒரு மேடு. அடையாளம் தெரியாத சுமார் 70,000 பேரின் சாம்பல் அதற்குள் இருக்கிறது.

அதே பூங்காவில் கொரியர்களுக்கு ஒரு நினைவுக் கல் உண்டு. வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்கள் உட்பட ஏராளமான கொரியர்கள் அந்தக் குண்டில் செத்தார்கள். 1970-இல் அந்தக் கல்லைப் பூங்காவுக்கு வெளியேதான் வைத்திருந்தார்கள். 1999-இல்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்கு 29 வருஷம். கொரியர்கள் விடாமல் கேட்டார்கள், அதனால் நடந்தது.

கியோத்தோவின் வடகிழக்கில் எங்கோஜி என்று ஒரு பௌத்தக் கோவில். இலையுதிர் காலத்தில் கூட்டம் அலைமோதும். அங்கே ஒரு முஸ்லிம் இளைஞரின் கல்லறை இருக்கிறது. பேர் சைட் ஓமார். நம்ம ஊர், ஜொகூர்க்காரர். ஜப்பான் ஆட்சிக் காலத்தில் படிக்க அனுப்பப்பட்டு ஹிரோஷிமாவில் இருந்தபோது குண்டு விழுந்தது. டோக்கியோவுக்கு ரயிலில் போகும் வழியில் உடம்பு முடியாமல் கியோத்தோவில் இறக்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1945 செப்டம்பரில் இறந்துபோனார். இருபது வயசுகூட ஆகவில்லை. இஸ்லாமிய முறையில் அமைந்த அந்தக் கல்லறை பௌத்தக் கோவில் வளாகத்தில் சுத்தமாக இருக்கிறது. வேற மதம், வேற நாடு, தோற்ற போர். அப்படியும் ஒரு கோவில் அந்தப் பிள்ளையின் பேரைப் பத்திரமாக வைத்திருக்கிறது. கோவில் தொண்டு செய்கிறவர்கள் இதை யோசிக்காமல் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

டோக்கியோவில் ஒரு இன்ஜின்

ரயில் பிரியர்களுக்கு இந்தத் தகவல் தெரிந்திருக்கலாம். டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தை ஒட்டி யூஷூகான் என்று ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஆலயத்தைச் சுற்றி உலக அளவில் எவ்வளவு சர்ச்சை என்று உங்களுக்குத் தெரியும். போர்க் குற்றவாளிகள் 14 பேரை 1978-இல் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் கும்பிடப் போகவில்லை. அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் இருக்கும் ஒரு நீராவி இன்ஜினைப் பார்க்கத்தான் போனோம்.

சி 56 வகை, எண் 31. கன்னங்கரேலென்று பளபளக்கிறது. சயாம்–பர்மா ரயில் பாதை 1943 அக்டோபரில் திறக்கப்பட்டபோது அந்த விழாவில் ஓடிய இன்ஜின் இது. போருக்குப் பிறகு தாய்லாந்தில் ஓடி, 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பியது.

நம்ம வீடுகளில் அதற்கு "சயாம் மரண ரயில்" என்று பேர். 415 கிலோமீட்டர். 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலையும் காடும் ஆறும் நிறைந்த அந்த வழியில், பெரும்பாலும் கைக் கருவிகளை வைத்தே வெட்டிப் போட்ட பாதை. போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் நம்ம தோட்டத் தமிழர்கள். சிலாங்கூர் தோட்டங்களிலிருந்தும் போனார்கள். கொஞ்ச நாள் வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். சொல்லி வராதவர்களைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். சாமான் ஏற்றும் மூடு வண்டிகளில் அடைத்து வடக்கே பான் போங் வரைக்கும் ரயில், அங்கிருந்து நடை. 1943 மழையில் காலரா வந்தபோது முகாம் முகாமாக விழுந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாதைக்குத் தேவைப்பட்ட தண்டவாளத்தில் ஒரு பகுதி நம்ம நாட்டிலேயே பிடுங்கியது. கிழக்குக் கரைப் பாதையிலும், தம்பினிலிருந்து மலாக்கா போன கிளைப் பாதையிலும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மலாக்காவுக்கு இன்றுவரை ரயில் திரும்பி வரவில்லை.

இன்ஜினுக்கு எண் இருக்கிறது. எங்கே ஓடியது, எப்போது திரும்பியது, எல்லாம் பதிவு. அந்தத் தண்டவாளத்தைத் தோளில் சுமந்தவர்களின் பேர் எங்கே?

பேர் இருப்பவர்களும் பேர் இல்லாதவர்களும்

காஞ்சனபுரி போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம். கிட்டத்தட்ட 7,000 பேர். புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெரும்பாலான கல்லில் பேர், வயசு, படைப்பிரிவு. சிலவற்றில் அம்மா எழுதிய ஒரு வரி. அந்தப் பராமரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் யாரோ பெற்ற பிள்ளை.

நம்ம ஆட்கள் செத்தது அவர்களைவிடப் பல மடங்கு. போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் என்றால், ஆசியத் தொழிலாளர்கள் சுமார் தொண்ணூறாயிரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மதிப்பீடுதான், கணக்கு இல்லை. கணக்கு வைக்கிற அளவுக்கு யாரும் அவர்களை மதிக்கவில்லை. காஞ்சனபுரி நகரத்திலுள்ள வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்தக் கோவிலில் அடையாளம் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளை வைத்து ஒரு தூபி இருக்கிறது. அதே வளாகத்தில் 2023-இல் தமிழக அரசின் உதவியோடு நம்ம மக்களுக்கு ஒரு நடுகல் வைத்தார்கள். மலேசியாவில் இதற்காகப் பல வருஷம் உழைத்த ஆர்வலர்களுக்குக் கோடி கும்பிடு. போர் முடிந்து 78 வருஷம் கழித்து ஒரு கல். கொரியர்களின் கல் உள்ளே வர 29 வருஷம் என்றால், நம்ம கல் நடவே 78.

எங்கள் குடும்பத்திலும் ஒருத்தர் உண்டு. தாத்தாவுக்குத் தம்பி. கிள்ளான் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், 1943-இல் போனார், வரவில்லை. வீட்டில் "சின்னத் தாத்தா" என்றுதான் சொல்வார்கள். அவர் பேர் என்ன? சொல்ல ஆள் இல்லை. அவருடன் பிறந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு படமும் இல்லை, திவசம் கொடுக்கத் திதியும் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டோம். அன்னதான வரிசையில் நிற்கிற வயசானவங்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எங்க மாமா போனாரு", "அப்பாயியோட முதல் வீட்டுக்காரரு போனாரு" என்று நாலு பேரில் ஒருத்தராவது ஆரம்பிப்பாங்க. புருஷன் இருக்கானா செத்தானா என்று தெரியாமல், பொட்டை வைப்பதா அழிப்பதா என்று வருஷக் கணக்கில் தவித்த பெண்களின் கதைகள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் இன்னும் இருக்கு. 1943-இல் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் அஞ்சு வருஷம் கழித்துக் கேட்கலாம் என்றால், கேட்க ஆள் இருக்காது.

எங்கள் வேண்டுகோள்

ஒன்று, பெயர்ப் புத்தகம். அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற கவுண்ட்டரிலேயே கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டு. அஞ்சு விவரம் போதும்: போனவர் பேர், கூப்பிடும் பேராக இருந்தாலும் சரி, எந்தத் தோட்டம் அல்லது ஊர், யாரோடு, எப்போது போனார், திரும்பினாரா இல்லையா, சொல்பவர் யார், என்ன உறவு. பேர் மறந்துபோயிருந்தால் "இன்னாருடைய தம்பி" என்றாவது எழுதணும். ஹிரோஷிமா புத்தகத்தில் "பெயர் தெரியாதவர் பலர்" இருக்கும்போது நம்ம புத்தகத்தில் "சின்னத் தாத்தா" இருக்கக் கூடாதா?

இரண்டு, தேவார வகுப்புப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகள் கைப்பேசியோடு ஒரு தாத்தாவிடமோ பாட்டியிடமோ உட்கார்ந்து, அவங்க சொல்றதை ஒலிப்பதிவு செய்து, புத்தகத்தில் எழுதட்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதிப் பழகின மாதிரியும் ஆச்சு. ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்" ஆகிய ரெண்டு நாவலையும் கோவில் நூலக அலமாரியில் வைக்கணும். நம்ம நாட்டு எழுத்தாளர்கள் நமக்காக எழுதியது.

மூன்று, ஆடி அமாவாசை விளக்கு. இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்பது நம்ம பெரியவர்கள் வைத்த வழி. தர்ப்பணம் முடிகிற இடத்தில், உறவென்று சொல்ல யாரும் இல்லாதவர்களுக்கும் ஒரு கை எள்ளுத் தண்ணீர் விடுகிற வழக்கம் இருக்கிறது. யார் யாருக்கோ தாகம் தீரட்டும் என்று நினைத்த தர்மம் நம்முடையது. அன்றைக்கு மோரிப், போர்ட் கிள்ளான் கடற்கரைக்குத் தர்ப்பணத்துக்குப் போகிறவர்கள் இந்த ஆத்மாக்களுக்கும் ஒரு கை சேர்த்து விடுங்கள். சாயந்தரம் கோவில் மண்டபத்தில் ஒரு மோட்ச தீபம் ஏற்றி, புத்தகத்தில் இருக்கிற பேர்களைச் சத்தமாகப் படிக்கணும். அவ்வளவுதான். பெரிய செலவு எதுவும் இல்லை.

ஜப்பானிலும் ஆகஸ்டு நடுவில் ஓபோன் என்று முன்னோர்களுக்கான நாட்கள் வரும். கியோத்தோவில் ஆகஸ்டு 16-ஆம் தேதி ராத்திரி அஞ்சு மலைகளில் பெரிய எழுத்தாகவும் உருவமாகவும் நெருப்பு ஏற்றி, வந்த முன்னோர்களை வழியனுப்புவார்கள். ஏறக்குறைய நம்ம ஆடி மாசம்தான். முன்னோர்களுக்கு விளக்கு வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

சிலர் கேட்பது

"கோவில் சாமி கும்பிடுகிற இடம். அங்கே போய் சாவையும் சோகத்தையும் பேசணுமா?" என்று ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. சன்னதிப் பூஜையில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. என்ன செய்யலாம், எங்கே ஏற்றலாம் என்பதைக் குருக்கள் சொல்வதுதான் முடிவு. ஆனால் நம்ம கோவில்களில் பல, தோட்டத்து லயத்துக்குப் பக்கத்திலும் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்திலும் கூலிக்காரர்கள் காசு சேர்த்துக் கட்டியவை. பிரிக்பீல்ட்ஸே ரயில்வே குடும்பங்களின் ஊர்தான். கட்டினவர்களின் சொந்தக்காரர்களுக்கு ஒரு விளக்கு வைக்க அந்தக் கோவிலில் இடம் இல்லை என்றால், வேறு எங்கே இருக்கும்?

"பழசைக் கிளறி ஜப்பான்காரன் மேல் வெறுப்பை வளர்க்கணுமா?" இல்லை. ஹிரோஷிமாவில் வயசான ஒரு ஜப்பானிய அம்மா, அங்கே தொண்டூழியர், நாங்கள் வழி தெரியாமல் நின்றபோது கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போனார். அவர் மேல் நமக்கு என்ன கோபம்? தன் ஊரில் செத்தவர்களின் பேரைப் புத்தகமாக வைத்துக் காப்பாற்றுகிறவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நம்ம ஆட்களின் பேரை எழுதி வைப்பது யார் மேலும் வெறுப்பு ஆகாது. எழுதாமல் விடுவதுதான் அவர்களை இன்னொரு தடவை காட்டில் விட்டுவிட்டு வருவது.

"தமிழர்களுக்கு மட்டுமா?" அதுவும் இல்லை. மலாய்க்காரர்கள், சீனர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் என்று எல்லாரும் அந்தப் பாதையில் செத்தார்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வந்து ஒரு பேர் சொன்னால் அதையும் எழுதுவோம். எங்கோஜி பிக்குகள் ஜொகூர் பிள்ளைக்குச் செய்ததை நாம் செய்ய முடியாதா என்ன?

"இதெல்லாம் அரசாங்கமும் சங்கங்களும் செய்ய வேண்டியது." செய்யட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு பாட்டி தன் மாமன் பேரைச் சொல்ல அரசாங்க ஆபீசுக்குப் போய் நம்பர் எடுத்துக் காத்திருக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வருவாள். புத்தகம் அவள் வருகிற இடத்தில் இருக்கணும்.

காஞ்சனபுரிக்கும் ஒரு ரயில்

ஜப்பானுக்கு ஆகிற செலவில் ஒரு பங்குகூட ஆகாது. கே.எல். சென்ட்ரலில் ஈ.டி.எஸ். ஏறி பாடாங் பெசார், அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் ராத்திரி முழுக்கப் பயணம், காலையில் பாங்காக். தோன்புரி ஸ்டேஷனிலிருந்து நாம் தோக் போகும் வண்டி, அன்று போட்ட அந்தப் பாதையில் மிச்சமிருக்கிற பகுதியில்தான் இன்றும் ஓடுகிறது. வேகம் கிடையாது, ஏ.சி. கிடையாது. ஆற்றை ஒட்டி மரப் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்து போகும்போது கூட வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் எடுங்கள். காஞ்சனபுரியில் இறங்கினால் நடுகல்லுக்கு ஒரு மாலையும், ஒரு கை எள்ளும், கொஞ்சம் திருநீறும் கொண்டு போங்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்குக் கோவிலிலிருந்து ஒரு குழுவாகப் போகலாமா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நோட்டு வாங்கியாச்சு. வைக்கலாமா என்று நிர்வாகத்திடமும் குருக்களிடமும் கேட்டிருக்கிறோம், நல்ல பதில் வரும் என்று நம்புகிறோம். அதுவரைக்கும் இந்தப் பதிவின் கீழேயே உங்கள் வீட்டில் போனவர்களின் பேரையும் தோட்டத்தின் பேரையும் எழுதுங்கள். புத்தகம் திறக்கும்போது நாங்களே கையால் எடுத்து எழுதிவிடுகிறோம். மற்ற கோவில் தொண்டூழியர்கள் இதைப் பார்த்தால், உங்கள் கோவிலிலும் ஒரு நோட்டு வையுங்கள். எங்களிடம் அனுமதி கேட்க வேண்டாம்.

வீட்டில் தொண்ணூறு வயசில் ஒரு பெரியவர் இருந்தால் இன்று ராத்திரியே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "சயாமுக்கு நம்ம வீட்டுலேருந்து யார் போனாங்க தாத்தா?" என்று கேளுங்கள்.

முருகா சரணம்.